பியோர்ண்டாலில் இருப்பது ஃபை அல்ல

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என் பழைய காலேஜ் நோட்டுகள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரந்து கிடந்தன. ஊரில் வீட்டை ஒழித்தபோது அம்மா எடுத்துவைத்து, யாரோ தெரிந்தவர் வரும்போது கொடுத்தனுப்பியவை. ஒன்பது வயது மகள் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். கணங்கள் பற்றிய ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது. ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு சாய்கோடு: ∅.

"அப்பா, நம்ம ஏரியா எழுத்து!"

"இல்லம்மா. அது ஃபை. கிரேக்க எழுத்து. உள்ளே ஒண்ணுமே இல்லாத கணத்துக்கு அடையாளம்."

"ஃபை இல்லப்பா. தினமும் பஸ்ல பாக்கறோமே. பியோர்ண்டால்ல வர்ற எழுத்து."

சிரித்துவிட்டேன். குழந்தைதானே, இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்று என்றுதான் நினைக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அன்று ராத்திரி அவள் தூங்கியபிறகு, ஒரு சந்தேகத்தில் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. பொறியியல் பட்டம் வாங்கிய நான்தான் இத்தனை வருடங்களாகத் தப்பாகச் சொல்லிவந்திருக்கிறேன்.

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பியோர்ண்டால் ஓஸ்லோவின் தென்கிழக்கு ஓரத்தில், காட்டை ஒட்டி இருக்கும் குடியிருப்புப் பகுதி. மெட்ரோ பக்கத்து மொர்தென்ஸ்ரூடோடு நின்றுவிடும். எங்களுக்கு பஸ்தான். பெயரின் முன்பாதிக்குக் கரடி என்று பொருள், பின்பாதிக்குப் பள்ளத்தாக்கு. கரடியை இதுவரை பார்த்ததில்லை. தமிழர்களைத் தினமும் பார்க்கிறேன்.

அந்தப் பெயரின் நடுவில்தான் கோடு போட்ட வட்டம் இருக்கிறது. நார்வே நெடுங்கணக்கின் 29 எழுத்துகளில் 28ஆவது. 'ஏ' சொல்வதுபோல் நாக்கை வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் 'ஓ'வுக்குக் குவித்தால் வரும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. அதனால்தான் 'யோ' போட்டு ஒப்பேற்றுகிறோம். ஆனால் அதே பெயரில் நமக்கு ஒரு சலுகையும் உண்டு. ஓஸ்லோ பேச்சில் 'ர்'ரும் 'ன்'னும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் கலந்து நம்முடைய 'ண்' ஆகிவிடும். 'பியோண்டால்' என்றுதான் இங்கே காதில் விழும். மற்ற நாட்டுக்காரர்கள் தடுமாறும் 'ண்ட', நமக்கு நண்டும் வண்டும் சொல்லிப் பழகிய ஒலி.

சரி, ஃபைக்கு வருவோம்.

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஃபை என்பது கூடவே வந்த எழுத்து. மின்னியலில் காந்தப்பாயம் ஃபை. மாறுதிசை மின்னோட்டத்தில் கட்டக் கோணம் ஃபை. டிராயிங் ஹாலில் விட்டத்துக்குப் போடும் குறியையும் ஃபை என்றே வாசித்தோம். வெற்றுக் கணமும் ஃபை. சார் சொன்னார், நாங்கள் எழுதினோம். சாருக்கு அவருடைய சார் சொல்லியிருப்பார்.

உண்மையான ஃபை கிரேக்க நெடுங்கணக்கின் 24 எழுத்துகளில் 21ஆவது. அதிலும் ஒரு வட்டமும் ஒரு கோடும் உண்டு, ஆனால் கோடு நடுவில் நெட்டாக இறங்கும். பழைய கிரேக்கத்தில் அதன் ஒலி இப்போதைய 'ஃப' அல்ல. மூச்சை அழுத்தி விடும் 'ப', இந்தியில் பழத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து மாதிரி. ரோமானியர்கள் அதைத் தங்கள் லிபியில் 'பி'யும் 'ஹெச்'சும் சேர்த்து எழுதினார்கள். பிறகு கிரேக்கர்களின் வாயிலேயே ஒலி மாறி 'ஃப' ஆனது. ஆங்கிலம் இன்றும் 'பிலாசபி'யையும் 'பிசிக்ஸ்'ஸையும் அந்தப் பழைய 'பி-ஹெச்' போட்டுத்தான் எழுதுகிறது. நார்வேஜியன் இந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டு நேராக 'எஃப்' போட்டுக்கொண்டது. நாமோ 'ஃப' எழுத ஆய்தத்தை அழைத்து வந்தோம்.

கணிதத்தில் ஃபைக்கு இரண்டு பெரிய வேலைகள். ஓர் எண் வரையுள்ள எண்களில் அதனோடு 1 தவிர வேறு பொது வகுத்தி இல்லாதவை எத்தனை என்று எண்ணுவது முதல் வேலை. 10க்கு 1, 3, 7, 9 என நான்கு. இந்தக் கணக்கைப் பெரிதாக ஆராய்ந்தவர் ஆய்லர். ஃபை என்ற எழுத்தை அதற்குக் கொடுத்தவர் காஸ், 1801இல். விளையாட்டுக் கணக்கு மாதிரி தெரியும். ஆனால் 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. என்ற இணையப் பூட்டு இதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது வேலை, பொன் விகிதம்: 1.618 என்று தொடங்கி முடிவில்லாமல் போகும் எண். பார்த்தினானின் சிற்பி ஃபிடியாஸின் பெயரிலுள்ள முதல் எழுத்தை அதற்கு வைக்கலாம் என்று சொன்னவர் மார்க் பார் என்ற அமெரிக்கர். அதுவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பலர் நினைப்பதுபோல் கிரேக்கர்களே வைத்த பெயர் அல்ல.

அப்படியானால் வெற்றுக் கணத்தின் குறி எங்கிருந்து வந்தது? ஆந்த்ரே வெய்ல் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரிடமிருந்து. 1930களில் பிரான்சில் ஓர் இளம் கணிதவியலாளர் குழு, 'நிக்கோலா பூர்பாக்கி' என்று இல்லாத ஓர் ஆளின் பெயரில் புத்தகங்கள் எழுதத் தொடங்கியது. கணங்கள் பற்றிய அவர்களுடைய முதல் புத்தகம் 1939இல் வந்தது. அதில் வெற்றுக் கணத்துக்கு இந்தக் குறியைப் போட்டது தானே என்று வெய்ல் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதை நார்வே எழுத்துகளிலிருந்து எடுத்ததாகவும், குழுவில் அந்த எழுத்துகள் தனக்கு மட்டுமே பழக்கம் என்றும் சொல்கிறார். விஷயம் அவ்வளவுதான். உலகம் முழுக்க வகுப்பறைகளில் ஃபை என்று வாசிக்கப்படுவது, என் மகள் பஸ் பலகையில் பார்க்கும் எழுத்து.

இதில் நம் ஊர்க் கிளைக்கதை ஒன்றும் உண்டு. இதே வெய்ல், 1930 முதல் 1932 வரை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வந்தபோது இருபத்து மூன்று வயது. அங்கே அவர் தன் துறைக்கு அழைத்துக்கொண்டவர்களில் ஒருவர் தமிழரான தி. விஜயராகவன். ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டியிடம் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். பின்னாளில் சென்னையில் அழகப்பச் செட்டியார் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர்.

விஜயராகவனின் பெயர் இன்றைக்கும் ஒரு வகை எண்களில் வாழ்கிறது: பீசோ–விஜயராகவன் எண்கள். அந்த வகையில் மிகப் பிரபலமானது எது தெரியுமா? பொன் விகிதம், அதாவது நிஜமான ஃபை. அதை அதனாலேயே பெருக்கிக்கொண்டே போங்கள். ஐந்தாவது அடுக்கு 11.09. பத்தாவது 122.99. இருபதாவது 15126.9999. போகப் போக முழு எண்ணுக்கு ஒட்டி ஒட்டி வரும். இந்தக் குணம் உள்ள எண்களை 1912இலேயே கவனித்தவர் ஒரு நார்வேக்காரர், ஆக்செல் தூ. ஆனால் வழக்கமான பெயரில் பிரெஞ்சுக்காரரும் தமிழரும்தான் இருக்கிறார்கள். தூ இல்லை. நார்வே எழுத்துக்குக் கிரேக்கப் பெயர், நார்வேக்காரர் முதலில் கண்ட எண்ணுக்குத் தமிழ்ப் பெயர். வேண்டுமென்று யாரும் செய்ததல்ல. எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே வாயில் வந்ததைச் சொல்லிப் பழகினால் இப்படித்தான் ஆகும்.

இதை பஸ்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து மாஸ்டரிடம் சொன்னேன். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

"தம்பி, நாங்களும் ஃபை எண்டுதான் படிப்பிச்சனாங்கள்," என்றார். "ஆனா நீங்கள் சொல்ற வெற்றுக் கணம் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அது சூனியத் தொடை."

கணம் அவர்களுக்குத் தொடை. பூவைத் தொடுப்பதுபோலத் தொடுத்தது தொடை. ஒரே மொழி, ஒரே குறி, இரண்டு கரைகளில் இரண்டு பெயர். ஆனால் தப்பு மட்டும் இரண்டு கரையிலும் ஒன்றே.

"முப்பத்தஞ்சு வருசமா நோர்வேயில இருக்கிறன். இந்த எழுத்து இல்லாம என்ர விலாசமே இல்லை. இது அதுதான் எண்டு எனக்கு ஒருநாளும் தோன்றேல்லை, பாருங்கோ," என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

எனக்கு உறைத்தது வேறொன்று. இங்கே வேலைக்கு வந்த புதிதில், ஒரு முகவரிப் பட்டியலைச் 'சுத்தம்' செய்யச் சொன்னார்கள். கோடு போட்ட எழுத்தையெல்லாம் வெறும் 'ஓ' ஆக்கும் நாலு வரி நிரல் எழுதி, பெருமையாகக் காட்டினேன். பக்கத்து சீட்டு நார்வேக்காரர் கோபப்படவில்லை. இது அழுக்குப் பட்ட 'ஓ' அல்ல, வேறு எழுத்து என்று மட்டும் சொன்னார். கோட்டோடு எழுதினால் 'முன்பு' என்று பொருள்படும் சொல், கோட்டை எடுத்தால் 'க்காக' என்று ஆகிவிடும். நம் வழி வலியாகிற மாதிரி. கணினிக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். யூனிகோடில் கிரேக்க ஃபைக்கும், நார்வே எழுத்துக்கும், வெற்றுக் கணத்துக்கும், விட்டக் குறிக்கும் தனித்தனி எண்கள். அன்று நிரலை அழித்துவிட்டு, இனி இவர்கள் எழுத்தை மதித்து நடப்பது என்று முடிவு செய்தேன். செய்தும் வருகிறேன்.

ஆனால் என் எழுத்தை?

மகளின் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. அவள் பிறப்பதற்கு முன்பே, அந்த எழுத்து வரவேண்டும் என்று நானும் மனைவியும் பார்த்துப் பார்த்து வைத்த பெயர். பள்ளியில் சேர்த்த முதல் நாள், பெயரை எப்படிச் சொல்லவேண்டும் என்று ஆசிரியை பொறுமையாகக் கேட்டார். பாஸ்போர்ட்டில் இசட்டும் ஹெச்சும் சேர்ந்து நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பியிருந்தார். நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லை, 'ல' என்றே சொல்லுங்கள், சுலபமாக இருக்கும்." அவர் கேட்காத சலுகையை நானே கொடுத்தேன். யாருக்கும் தொந்தரவாக இருந்துவிடக் கூடாது என்ற பழக்கம். நாலு வரி நிரலை மகள் பெயரில் ஓடவிட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

∅ கதை முழுவதையும் சொல்லி, "நீ சொன்னதுதான் சரி" என்று மகளிடம் ஒப்புக்கொண்டபோது அவள் கேட்டாள்: "அப்ப ஏன் என் பேரை மட்டும் டீச்சர்கிட்ட தப்பா சொன்னே?"

பதில் இல்லை. இத்தனை நாளாக அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. வீட்டில் ஒரு பெயர், வகுப்பில் ஒரு பெயர் என்று இரண்டையும் சுமந்துகொண்டு போய் வந்திருக்கிறாள்.

சென்ற வாரம் பெற்றோர் சந்திப்பு. கணக்கு, வாசிப்பு எல்லாம் பேசி முடித்தபிறகு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மூன்று வருடம் கழித்து இதைச் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆசிரியை மகளைப் பார்த்து, "நீயே சொல்லிக் காட்டு" என்றார். அவள் நாக்கை மடித்துச் சொன்னாள். ஆசிரியை இரண்டு முறை முயன்றார். பிறகு, "எங்கள் தடித்த 'எல்' மாதிரியா?" என்று கேட்டார்.

கிழக்கு நார்வே பேச்சில் அப்படி ஓர் ஒலி இருக்கிறது. நாக்கு நுனி மேலே மடிந்து தட்டிவிட்டு இறங்கும். பள்ளிப் புத்தக மொழியில் அதற்குத் தனி எழுத்து கிடையாது. அது 'ழ' அல்ல. ஆனால் பக்கத்து வீடு. அங்கிருந்து தொடங்கி மூன்றாவது முயற்சியில் கிட்டத்தட்ட வந்துவிட்டார். மகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் வாழும் நாட்டின் எழுத்தைச் சரியாகக் கற்றுக்கொள்கிறார்கள். நாமும் முக்கி முனகிக் கற்றுக்கொள்கிறோம். அது சரிதான், செய்யவேண்டியதுதான். அதற்கு ஈடாக நம் எழுத்தை ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. பெரும்பாலும் அவர்கள் கேட்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். "பரவாயில்லை" என்று முந்திக்கொள்வது நாம்தான். அடுத்த முறை யாராவது உங்கள் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டால், தயவுசெய்து சொல்லிக்கொடுங்கள். வராவிட்டால் மறுபடியும் சொல்லிக்கொடுங்கள்.

நேற்றுக் காலை பஸ்ஸில் மாஸ்டரைப் பார்த்தேன். மகள் அவரிடம், "தாத்தா, என் டீச்சருக்கு ழ வந்துடுச்சு," என்றாள்.

"அப்ப எங்கட ஆக்களுக்கும் ஒருக்கா வகுப்பெடுக்கச் சொல்லு பிள்ளை," என்றார் அவர்.