மூளைக்குள்ளே ஒரு மண் பரிசோதனை!



1996ஆம் ஆண்டு. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் 6ஆம் வகுப்புக்கு ஆசிரியராக இருந்தேன். ஒருநாள் காலை இறைவணக்கத்தின்போது, வரிசையில் நின்ற என் மாணவன் ஒருவன் தடாலென்று கீழே விழுந்தான். கை, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. மற்ற பிள்ளைகள் அலறிக்கொண்டு விலகினார்கள்.

நான் ஓடிப்போய் என் சைக்கிள் சாவியை அவன் கையில் திணித்தேன். இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று கேட்டே வளர்ந்தவன் நான். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. சாவியால்தான் நின்றது என்று நம்பினேன்.

அது தவறு. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். சாவிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். மறுநாள் அவன் அருகில் உட்கார யாரும் வரவில்லை. "தொட்டா ஒட்டிக்கும் சார்" என்றார்கள். வகுப்பு அமைதியாக இருந்தால் போதும் என்று, அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவன் அம்மா வந்தார். "இவன் படிப்பை நிறுத்திடட்டுமா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "வாங்கம்மா, டாக்டரையே கேட்போம்" என்று கூடப் போனேன். அன்று தொடங்கிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

காக்கைக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றுமே இல்லை! கால், கை இரண்டும் இழுப்பதால் 'கால் கை வலிப்பு' என்றார்கள். அது பேச்சில் மருவி 'காக்காய் வலிப்பு' ஆகிவிட்டது. பாவம், காக்கை!

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை மிகச் சிறிய மின்சாரத் துடிப்புகளாலும், வேதிப்பொருள்களாலும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன.

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வரும்போது வயலில் என்ன செய்கிறோம்? வேண்டியபோது மடையைத் திறக்கிறோம், போதுமென்றால் அடைக்கிறோம். மூளையிலும் அப்படித்தான். 'குளூட்டமேட்' என்ற வேதிப்பொருள் மடையைத் திறக்கும். நரம்பு செல்களைத் தூண்டிவிடும். 'காபா' என்ற வேதிப்பொருள் மடையை அடைக்கும், அவற்றை அமைதிப்படுத்தும். இந்த ஒழுங்கு கெட்டு, ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் துடித்தால், அந்த வெள்ளம்தான் வலிப்பு. இது மீண்டும் மீண்டும் வந்தால் வலிப்பு நோய் என்கிறார்கள்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். இது தொற்றுநோய் அல்ல, தொட்டால் ஒட்டாது.

படம் சொல்லாததைச் சொல்லும் ஸ்கேன்

மூளையின் மின்சாரத்தைத் தாளில் வரைந்து காட்டுவது இ.இ.ஜி. பரிசோதனை. ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்சாரத்தை முதன்முதலாகப் பதிவு செய்தார். மூளையின் உருவத்தைப் படம் எடுப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

ஆனால் ஒரு வயலைப் பாருங்கள். கண்ணுக்குப் பச்சைப் பசேல் என்றுதான் தெரியும். அந்த மண்ணில் எந்தச் சத்து குறைவு, எந்த உப்பு அதிகம் என்று பார்த்தால் தெரியுமா? மண்ணை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மூளையைத் தோண்டி அனுப்ப முடியுமா? அதற்காகத்தான் எம்.ஆர்.எஸ். என்ற வேதியியல் ஸ்கேன்!

இதற்கு ஊசி இல்லை, வலி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கும் அதே குழாய்க்குள் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தால் போதும். அதிலுள்ள காந்தம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமை உடையது. 1.5 டெஸ்லா என்பது நம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு!

அந்தக் காந்தப்புலத்தில் வானொலி அலையைச் செலுத்தினால், உடலில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் பதில் அலை அனுப்பும். ஹைட்ரஜன் எந்த வேதிப்பொருளில் இருக்கிறதோ, அதற்கேற்ப அந்த அலையின் சுருதி மாறும். எவ்வளவு மாறும் தெரியுமா? பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே! கச்சேரியில் கண்ணை மூடிக்கொண்டே இது நாதஸ்வரம், இது தவில் என்று நாம் சொல்வதைப் போல, கணினி அந்தச் சுருதிகளைப் பிரித்து விடுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூளையில் தண்ணீர்தான் அதிகம். அதன் ஓசை மற்றவற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிது. ஆகவே முதலில் தண்ணீரின் ஓசையை அடக்கிவிட்டுத்தான் மற்றவற்றைக் கேட்கிறார்கள்.

முடிவு, ஒரு வரைபடமாக வரும். அதில் கோயில் கோபுரங்கள் போலச் சில உச்சிகள் இருக்கும். நலமான மூளையில் மிக உயரமான கோபுரம் 'என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட்' என்ற பொருளுடையது. சுருக்கமாக என்.ஏ.ஏ. இது நரம்பு செல்களில்தான் மிகுதியாக இருக்கிறது. எனவே இந்தக் கோபுரம் ஓரிடத்தில் குட்டையாகிவிட்டால், அங்கே நரம்பு செல்கள் குறைந்துவிட்டன அல்லது நலிந்துவிட்டன என்று பொருள்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக அறிஞர்கள் 1990களில் இந்த முறையில் காபாவையே அளந்தார்கள். வலிப்பு சரியாக அடங்காதவர்களின் மூளையில் காபா குறைவாக இருப்பதைக் கண்டார்கள். 'விகாபாட்ரின்' என்ற மருந்து சாப்பிட்ட பிறகு காபா கூடுவதையும் கண்டார்கள். மருந்து மூளைக்குள் வேலை செய்வதை வெளியில் இருந்தே பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

வேலூரில் ஒரு முன்னோடி

வலிப்பு சிகிச்சையில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. கனடாவின் மாண்ட்ரியல் நகரில், வைல்டர் பென்ஃபீல்டு என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் பயிற்சி பெற்றவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவர் 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை, நரம்பு சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இந்தியாவின் முதல் வலிப்பு நோய் அறுவை சிகிச்சையை அங்கே செய்தார்.

அதே 1952இல்தான், எம்.ஆர்.ஐ., எம்.ஆர்.எஸ். இரண்டுக்கும் அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அணுவை ஆராய்ந்த அவர்களுடைய வேலை, பின்னாளில் வலிப்பு நோயாளிகளுக்கு உதவப்போகிறது என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்பு, பல நேரம் கடற்குதிரை வடிவில் இருக்கும் 'ஹிப்போகாம்பஸ்' என்ற பகுதியில் தொடங்குகிறது. இது இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு உண்டு. கோளாறு எந்தப் பக்கம்? தவறான பக்கத்தில் கை வைத்துவிடக் கூடாதே! இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ., நினைவாற்றல் சோதனை என்று பலவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். என்.ஏ.ஏ. எந்தப் பக்கம் குறைவு என்று காட்டும் வேதியியல் ஸ்கேனும் இதற்கு ஒரு துணைச் சாட்சி.

குட்டிப் புள்ளியின் மர்மம்

என் மாணவனின் ஸ்கேனில் ஒரு குட்டி வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நம் நாட்டில் வலிப்பு வரும் பிள்ளைகள் பலருக்கு இப்படிப் புள்ளி இருக்கும். முன்பெல்லாம் இதைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் மருத்துவர்கள் வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி ஆகியோர் ஆராய்ந்து, இந்தச் சின்னப் புள்ளிகளில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்புழு தங்கிய இடம் என்றும், பல தாமாகவே மறைந்துவிடும் என்றும் காட்டினார்கள்.

இங்கேயும் வேதியியல் ஸ்கேன் உதவுகிறது. காசநோய்க் கட்டியாக இருந்தால், வரைபடத்தில் கொழுப்பின் கோபுரம் உயர்ந்து நிற்கும். லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனத்தில் 1990களில் இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். ஆனால் புள்ளி மிகவும் சிறியதாக இருந்தால் அதன் ஓசை சரியாகக் கேட்காது. எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு அல்லவா?

இந்தப் புழுவின் முட்டை மனித மலத்திலிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் வந்து, கழுவாத கீரை, காய், கைகள் வழியாக வயிற்றுக்குள் போகிறது. சைவம் சாப்பிடுபவர்களுக்கும் வரலாம். ஆகவே கழிப்பறைக்குப் போய் வந்ததும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

என் மாணவன் டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிட்டான். புள்ளி மறைந்தது, வலிப்பும் நின்றது. படிப்பை நிறுத்தவில்லை. இப்போது தேங்காய் வியாபாரம் செய்கிறார். ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர், "வலிப்பு வந்ததே மறந்துபோச்சு சார். அந்தக் கடைசி பெஞ்சுதான் இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* யாருக்காவது வலிப்பு வந்தால் பயந்து ஓடாதீர்கள். பெரியவரை அழையுங்கள். மணி பாருங்கள்.

* அருகில் உள்ள கல், பெஞ்சு போன்றவற்றை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் பையோ துணியோ வையுங்கள்.

* கை, கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். இரும்பு, சாவி எதுவும் வேண்டாம். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது.

* இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

* 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், மீண்டும் மீண்டும் வந்தாலும் 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, குழந்தைகளே! மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரும்போது, நீங்களே போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஸ்கேனும் செய்ய முடியாத வேலை அது. 1996இல் நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்கள் அல்லவா?