அணைக்கும் பேட்ச் போட்டார்கள்

திருச்சி காட்டூரில், தஞ்சாவூர் சாலையை ஒட்டிய தெருக்களில், ஒரே வீட்டுக்குள் இரண்டு தொழில்களைப் பார்க்கலாம். அப்பா திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் பாய்லர் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் நவல்பட்டு ஐ.டி. பூங்காவுக்கோ சென்னைக்கோ கோடு எழுதப் போகிறவர். அடையாள அட்டையில் 'இன்ஜினீயர்' என்று இருப்பது மகளுக்குத்தான். அது பொருந்துமா என்ற சர்ச்சை பழையது. 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டுக்கு 'மென்பொருள் பொறியியல்' என்று பெயர் வைத்ததே கொஞ்சம் சீண்டிப் பார்க்கத்தான்.

இரண்டையும் ஒப்பிடவே கூடாது என்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பாலமோ அணையோ வரைபடம் போட்டுக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது, மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும். இவர்கள் ஒருமுறை முக்கொம்புக்குப் போய்வரலாம்.

காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடம் அது. காவிரி மணல் மேடிட்டுப்போய், தண்ணீரெல்லாம் தாழ்வான கொள்ளிடத்தில் இறங்கிக்கொண்டிருந்ததால், தஞ்சைப் பாசனத்தைக் காப்பாற்ற ஆர்தர் காட்டன் 1836-ல் அங்கே மேலணையைக் கட்டினார். கட்டி முடித்ததும் கதை தலைகீழானது. காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்து படுகையை அரிக்க ஆரம்பித்தது. 1840-களில் அணையின் நடுப்பகுதி உயரத்தைக் குறைத்தார்கள். காவிரித் தலைப்பின் குறுக்கே படுக்கையணை ஒன்றும் போட்டார்கள். பின்னாளில் ஷட்டர்கள் வந்தன. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. அதற்குப் பிறகு சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணையே கட்ட வேண்டியதாயிற்று. ரிலீஸ், பக், பேட்ச், கடைசியில் ரீரைட்: எல்லாமே இருக்கிறது. ஆறு நடுவில் ஒருநாளும் லீவு எடுக்கவில்லை.

ஆகவே 'மாறிக்கொண்டே இருக்கும்' என்ற வாதம் நிற்காது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் காட்டூர் அப்பாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறு வருடமே வங்காளத்தில் பாய்லர் சோதனைச் சட்டம் வந்தது. 1923-ல் அது இந்தியா முழுமைக்குமானது. 2025-ல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. உயர் அழுத்தக் குழாயில் வெல்டிங் வைக்கிறவர் தேர்ச்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேலேயே ஏற்றி, ஒரு சொட்டுக் கசிகிறதா என்று கவனிப்பார்கள். இணைப்புக்குப் பக்கத்தில் வெல்டரின் அடையாள எண்ணும் இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

எந்த வரியை யார் எழுதினார் என்ற பதிவு மென்பொருளிலும் உண்டு, இதைவிடத் துல்லியமாகவே. இல்லாதவர் வெளியிலிருந்து வந்து 'நிறுத்து' என்று சொல்லக்கூடிய இன்ஸ்பெக்டர்தான். அமெரிக்காவில் 2013-ல் மென்பொருள் பொறியாளர்களுக்கு உரிமத் தேர்வு தொடங்கினார்கள். ஐந்து முறை நடந்த தேர்வை மொத்தமாக எழுதியவர்கள் 81 பேர், 2019-ல் மூடிவிட்டார்கள். உரிமம் இல்லாமலே கைநிறையச் சம்பளம் கிடைக்கும்போது யார் எழுதுவார்?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட் ஒன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. முதலில் கொஞ்சம் கணினிகளில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு விடும் பழக்கம்கூட அந்த வகை அப்டேட்டுக்கு அப்போது இல்லை. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே நின்றிருந்த விமானங்களின் சொந்த மென்பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டி.ஓ.-178 என்ற தரவிதிப்படி, அதன் ஒவ்வொரு தேவைக்கும் எந்தக் கோடு, எந்தச் சோதனை என்று விமானப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் காட்டியாக வேண்டும். டிக்கெட் கவுண்டர் கணினிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.