முதலில் ஊன்றுகோல், பிறகே கண்

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை. வடக்கனந்தலில் எங்கள் தெருக் கோயிலில் தீபாராதனை முடிந்து கற்பூரம் அணைந்துவிட்டது. ஆனால் என் வலக்கண்ணின் ஓரத்தில் மட்டும் மின்னல் போல ஓர் ஒளி விட்டு விட்டு வெட்டிக்கொண்டிருந்தது. வீடு திரும்பும்போது சாம்பல் துகள் போன்ற கரும்புள்ளிகள் பார்வையில் மிதந்தன. வலியில்லை, சிவப்பில்லை. புகை பட்டிருக்கும், மார்கழி பூஜைகள் முடியட்டும் என்று வாளாவிருந்துவிட்டேன். ஆறாம் நாள் கீழிருந்து ஒரு கருந்திரை எழும்பி, மூலவரின் திருவடிகளை மறைத்தது. அன்றுதான் என் துணைவியாரிடம் சொன்னேன். அவர் அன்றே என்னைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

"ஒளி வெட்டிய அன்றே வந்திருந்தால் லேசர் சிகிச்சையோடு முடிந்திருக்கலாம் ஐயா" என்றார் மருத்துவர். அவர் கடிந்து கூறவில்லை. எனினும் அச்சொல் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. கண்ணுக்குள் நிறைந்துள்ள கூழ் போன்ற பொருள் வயது ஏறுகையில் சுருங்கி, அப்படலத்தைப் பிடித்து இழுக்கும்போது ஒளி வெட்டுகிறது. சில வேளைகளில் படலம் கிழிகிறது. ஈரம் புகுந்த சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பெயர்வது போல, கிழிசல் வழியே நீர் புகுந்து விழித்திரை சுவரை விட்டுப் பிரிகிறது. நடுப்பகுதியும் பிரிந்துவிட்டால் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் பார்வை முழுமையாகத் திரும்புவது அரிது. எனக்கு நேர்ந்தது அதுவே. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும், மிகுந்த கிட்டப்பார்வை உடையவர்களும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை நிரப்பினார்கள். அது விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பதற்காகப் பத்து நாட்கள் குப்புறவே இருக்கச் சொன்னார்கள். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பேரேட்டின் மேல் குனிந்திருந்தவனுக்கு இது பெரிதா என்று நினைத்தேன். இரண்டாம் நாளே கழுத்து கெஞ்சியது. குமிழி கரையும் வரை விமானப் பயணம் கூடாது. உயரமான மலைக்கும் செல்லக்கூடாது. உயரத்தில் வாயு விரிந்து, கண்ணின் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலை எங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. மலைமேல் ஓர் உறவினர் இல்ல விழாவுக்கு அழைப்பு வந்தும், மருத்துவர் சொற்படி நான் போகவில்லை.

குப்புறக் கிடந்த நாட்களில் துணைவியார் சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றைப் படித்துக் காட்டினார். அவர் அவதரித்த திருநாவலூர் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உள்ள தலம். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குத் தந்த சூளுறவை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் அவர் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் இறைவனிடம் முறையிட்டார். அங்கே கிடைத்தது கண்ணன்று, ஊன்றுகோல். அதை ஊன்றியபடியே காஞ்சிபுரம் சென்றார், இடக்கண் கிடைத்தது. மேலும் பல தலங்களைத் தொழுது திருவாரூர் சென்றார். அங்கே வலக்கண் கிடைத்தது. சிறுவயது முதல் கேட்ட வரலாறுதான். ஆயினும் கண் தருவதற்கு முன் இறைவன் கோல் தந்தான் என்பதும், அதைப் பெற்ற நாயனார் நடப்பதை நிறுத்தவில்லை என்பதும் அப்போதுதான் என் மனத்தில் தைத்தன. திருவெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் அமிழ்ந்தபோது கோயிலை அருகே எழுப்பினார்கள். இறைவன் அங்கே இன்றும் ஊன்றீஸ்வரர்.

நம் காலத்தில் அக்கோலாக அமைந்தவர்கள் பலர். விழித்திரை மருத்துவ வல்லுநர் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத், காஞ்சி ஸ்ரீ ஜயேந்திர சரஸ்வதி சுவாமிகளின் விருப்பத்தை ஏற்று 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் செய்தார்.

என்னைப் போன்றோருக்குச் சில சொற்கள். அறுவைக்குப் பின் மருத்துவர் அனுமதிக்கும் வரை கண்ணருகே விபூதி, தீர்த்தம், அபிஷேக நீர் எதுவும் படக்கூடாது. திருக்குள நீராடலும் வேண்டாம். கருவறை முன் இருள் மிகுந்த இடத்தில் படி இருப்பது தெரியாது. உடன் வருபவரின் தோளைப் பற்றிக்கொள்வதில் வெட்கமில்லை. வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கதவுச் சட்டத்தைப் பாருங்கள். நேர்க்கோடு வளைந்து தெரிந்தால் தாமதியாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருப்பினும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்நோய் வலியின்றியே விழித்திரையைக் கெடுக்கும்.

இப்போது என் வலக்கண்ணுக்குத் தீபச் சுடர் சற்றே வளைந்து தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று என் பூஜை அறையில் தேவாரப் புத்தகத்தின் அருகில் இருக்கிறது. அதுவே என் ஊன்றுகோல். உங்களில் யாருக்கேனும் கண்ணில் அந்த மின்னல் வெட்டினால், எந்த பூஜை முடியவும் காத்திராதீர்கள். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இறைவன் காத்திருப்பான், விழித்திரை காத்திராது.