பத்தில் ஒன்றா, பத்தில் ஒன்பதா?

2007இல் ரொறன்ரோவில் ஷெப்பர்ட் கிழக்கு வீதியும் 404 நெடுஞ்சாலையும் சந்திக்கும் பகுதியில், அஜின்கோர்ட்டிலிருந்து காரில் சில நிமிட தூரத்தில், ஒரு வண்டு அகப்பட்டது. உலோகப் பச்சை நிறம், ஒரு சென்ரிமீற்றர் அளவு நீளம். எமரால்ட் ஆஷ் போரர் என்பது பெயர். ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிப் பலகைகளுக்குள் இருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இந்தக் கண்டத்தில் அதை முதலில் அடையாளம் கண்டது 2002இல், டெட்ராய்ட்டிலும் வின்ட்சரிலும். அப்போது ரொறன்ரோவில் ஏறக்குறைய 860,000 ஆஷ் மரங்கள் நின்றன. 2017க்குள் பெரும்பாலானவை செத்துவிடும் என்று மாநகராட்சி கணித்தது. கணக்கு பெரிதாகப் பிசகவில்லை.

அந்தக் காலத்து ஆங்கிலச் செய்திகளில் ஒரே வினைச்சொல் மாறி மாறி வரும்: டெசிமேட். வண்டு மரங்களை டெசிமேட் செய்கிறது, செய்துவிட்டது, செய்யப்போகிறது. இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற ஒரு கூட்டம் ஆங்கிலத்தில் எப்போதும் உண்டு. டெசிமுஸ் என்றால் லத்தீனில் பத்தாவது. ஆகவே பத்தில் ஒன்று போனால்தான் டெசிமேட், அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் பிழை என்பது அவர்கள் கட்சி.

அவர்கள் சொல்கிற மூலக் கதை உண்மைதான். ரோமப் படையில் ஒரு பிரிவு போர்க்களத்தை விட்டு ஓடினால், எல்லோரையும் கொல்வது படைக்கு நட்டம். விட்டுவிட்டால் நாளை மற்றவர்களும் ஓடுவார்கள். அதனால் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரில் ஒருவனை எடுப்பார்கள். அவனை அடித்துக் கொல்ல வேண்டியது கூடநின்ற சகாக்களே. பிழைத்தவர்களுக்குக் கோதுமைக்குப் பதில் வாற்கோதுமை. படுக்கை முகாமின் அரணுக்கு வெளியே. இதைப் பண்டைய வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அடிமைக் கிளர்ச்சியின் தலைவன் ஸ்பார்ட்டகஸுக்கு முன்னால் சிதறி ஓடிய 500 பேரை ரோமத் தளபதி கிராசுஸ் 50 குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவனாகக் கொன்றார் என்கிறார் புளூட்டார்க். ஓடினவனா நின்றவனா என்று சீட்டு பார்ப்பதில்லை. தண்டனையின் கொடூரமே அதில்தான். முதல் உலகப் போரில்கூட இத்தாலியப் படை இந்தப் பழைய முறையைத் தூசு தட்டி எடுத்திருக்கிறது.

ஆனால் இதே சொல்லுக்கு ஆங்கிலத்தில் வரி என்றொரு பொருளும் இருந்தது. 1655இல் இங்கிலாந்தின் குரொம்வெல் அரசு மன்னர் பக்கம் நின்றவர்களின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடுங்கியபோது அதற்கும் டெசிமேஷன் என்றுதான் பெயர். தேவாலயத்துக்குத் தசமபாகம் கொடுக்கிற நம்முடைய ஆட்களுக்கு இது உடனே விளங்கும். பெருமளவு அழித்தல் என்ற தளர்ந்த பொருளும் அந்த நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. முந்நூறு வருடத்துக்கு மேல் புழங்கிய பொருளைப் பிழை என்று சொல்வது வீண் பிடிவாதம். நாம் மட்டும் என்ன, தவிடுபொடி என்று எழுதிவிட்டுத் தவிட்டையா தேடுகிறோம்? ஒரு துடுப்பாட்டக்காரர் பந்துவீச்சைத் துவம்சம் செய்தார் என்றால் பந்துவீச்சாளர் மறுநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டுதான் இருப்பார்.

எனக்கு இருக்கும் குறை வேறு. எண்ணிக்கை கையில் இருக்கும்போதும் செய்தியாளர்கள் அந்த வினைச்சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆஷ் மரத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல் மிகவும் குறைவு; வண்டு ஊன்றிவிட்ட இடத்தில், மருந்து போடாத ஆஷ் நூற்றில் ஒன்றுகூடத் தப்புவது அரிது. ஆனால் நகரத்தின் மொத்தக் கணக்கை எடுங்கள். ரொறன்ரோவில் அப்போது எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 10.2 மில்லியன் மரங்கள். அதில் ஆஷ் 8.4 வீதம். அதாவது பன்னிரண்டில் ஒன்று. முகம் சுளிக்கிற பெரியவர்கள் கேட்கும் ரோமக் கணக்குக்கு இவ்வளவு கிட்ட வருகிற அழிவு அபூர்வம். வண்டு ஆஷை நிர்மூலமாக்கியது, நகரத்து மரங்களை டெசிமேட் செய்தது. இரண்டையும் பிரித்துச் சொல்லியிருந்தால் வாசகருக்கு இழப்பின் அளவு பிடிபட்டிருக்கும்.

அது கொல்லும் விதத்தைப் பாருங்கள். வளர்ந்த வண்டு இலையைக் கொஞ்சம் கடிக்கும், அவ்வளவுதான். பட்டைக்கு அடியில் இருக்கும் புழுதான் எமன். எஸ் எழுத்துப் போல வளைந்து வளைந்து சுரங்கம் வெட்டி, சாறு ஓடும் திசுவைத் தின்னும். சுரங்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மரத்தைச் சுற்றி வந்ததும் மேலிருந்து கீழே உணவு போகாது. உச்சிக் கொப்பு முதலில் மெலியும், அடிமரத்தில் வேண்டாத தளிர் வெடிக்கும், மரங்கொத்தி வந்து பட்டையை உரிக்கும். வெளியேறுகிற வண்டு விடும் துளை ஆங்கில டி எழுத்தின் வடிவம். அதை நாம் காணும்போது உள்ளே வேலை சில வருடமாக நடந்திருக்கும்.

இத்தனை ஆஷ் ஒரே நகரத்தில் வந்து சேர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. டச்சு எல்ம் நோய் வீதியோர எல்ம்களை வாரிக்கொண்டு போனபின், விட்ட இடத்தை நிரப்ப அதிகம் நட்ட மரங்களில் ஆஷும் ஒன்று. வேகமாக வளரும், பனிக்காலத்து உப்பைத் தாங்கும். ஒரே இனத்தை வரிசையாக நட்ட தவறு இரண்டாம் முறையும் நடந்தது.

வண்டு அகப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அஜின்கோர்ட்டின் பெயரே ஒரு சங்காரத்தின் பெயர். 1415 ஒக்டோபர் 25இல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் வில்லாளர்கள் அந்தப் பெயருடைய பிரெஞ்சு ஊரில் பிரெஞ்சுப் பிரபு வம்சத்தைச் சாய்த்தார்கள். அலன்சோன், பிராபான்ட், பார் என்று மூன்று டியூக்குகள் ஒரே நாளில் செத்தார்கள். அந்தக் காலத்துப் போர் அம்புகளின் தண்டுக்குப் பயன்பட்ட மரங்களில் ஆஷும் உண்டு. 1858இல் ஜோன் ஹில் இங்கே தபாலகம் திறந்தபோது, பிரெஞ்சுப் பெயர் வைத்தால்தான் அனுமதி என்று சொல்லப்பட, ஆங்கிலேயன் வென்ற பிரெஞ்சு ஊரின் பெயரை வைத்தார் என்று ஊரில் ஒரு கதை. குறும்பான மனுஷன், கதை மெய்யானால்.

வன்னியில் ஷெல் பட்டு வட்டுப் பறந்த பனைகளையும், பங்கருக்கென்று தறித்துக் கிடந்த பனங்குற்றிகளையும் கண்டு வந்தவர்களுக்கு மொட்டை மரம் புதிதல்ல. ஆனால் இங்கே தப்பியிருக்கும் ஆஷுக்குக் கைகொடுக்கும் மருந்து நம் முற்றத்துச் சரக்கு. கனடாவில் இதற்கெனத் தயாரான ட்ரீஅசின் வேப்பங்கொட்டையிலிருந்து எடுப்பது. அடிமரத்தைச் சுற்றிச் சிறு துளைகள் இட்டு, அழுத்தக் குப்பிகளால் உள்ளே செலுத்துவார்கள்; உரிமம் உள்ளவர்தான் செய்யலாம். காலம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மரம் உள்ளவரை.

உச்சியில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்துவிட்டால் ஊசிக்குச் செலவழிக்க வேண்டாம். உங்கள் வளவில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள உயிர்மரத்தைத் தறிக்க சிற்றியின் அனுமதி வேண்டும். செத்ததென்றாலும் அறிவித்துவிட்டுத்தான் கை வைக்கலாம். வீட்டு முன் வீதியோரத் துண்டில் நிற்பது சிற்றியின் மரம். அது போன இடத்துக்குப் புதுக் கன்று கேட்டால் இலவசமாக நட்டுத் தருகிறார்கள். மேப்பிள், ஓக், லின்டன் என்று தெரிவு உண்டு, ஆஷ் மட்டும் பட்டியலில் இல்லை.