ஒரு விசா, 29 நாடுகள்

லக்சம்பர்க், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் கூடும் மோசல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்றொரு சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று அங்கே ஆற்றில் நின்ற கப்பலில் பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தங்களுக்கிடையே எல்லைச் சோதனையைப் படிப்படியாகக் கைவிடுவதே அதன் சாரம். 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது 29 நாடுகள் அதில் இருக்கின்றன.

கூட்டுக்குடும்ப வீட்டில் அறைகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் வாசற்கதவில் எல்லோருக்கும் அக்கறை உண்டு. ஷெங்கன் நாடுகளும் அப்படித்தான். இத்தாலி உள்ளே விட்டவர் மறுநாளே ஸ்வீடனில் இருக்கலாம் என்பதால், யாரை விடுவது என்ற விதியும் பொதுவாகிவிட்டது. விசா ஒன்று, கைரேகைப் பதிவு ஒன்று. ஒரு நாடு விசாவை மறுத்தால் அந்தத் தகவல் மற்ற நாடுகளுக்கும் தெரியும்.

விண்ணப்பத்தை எந்த நாட்டிடம் கொடுப்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம். எல்லா நாடுகளிலும் சம நாட்கள் என்றால், முதலில் கால் வைக்கும் நாட்டிடம். சீக்கிரம் கிடைக்கும் என்று வேறொரு நாட்டிடம் கொடுப்பது சரியல்ல.

பலரும் தடுமாறுவது நாள் கணக்கில்தான். எந்த 180 நாட்களை எடுத்தாலும், உள்ளே இருந்த நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. 29 நாடுகளின் நாட்களும் ஒரே கணக்கில் சேரும். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் உட்பட. பாரீஸில் உறவினர் வீட்டில் 60 நாட்கள் இருந்துவிட்டு, லண்டனில் ஒரு மாதம் தங்கி, மீண்டும் பாரீஸுக்குத் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். கணக்கு புதிதாகத் தொடங்காது. மிச்சம் 30 நாட்கள்தான். அதுவும் விசாவில் அத்தனை நாட்கள் அனுமதித்து, பலமுறை நுழையலாம் என்றும் இருந்தால் மட்டுமே. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. அவற்றுக்குத் தனி விசா வேண்டும்.

இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. மூன்றாண்டுகளுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டாண்டு விசா கிடைக்க வழியுண்டு. அதன்பின் ஐந்தாண்டு விசா. விதியை மதித்தவருக்குப் பலன் தரும் இந்த ஏற்பாடு நியாயமானது.

2025 அக்டோபர் முதல் நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை மங்கலாக இருந்தது என்று இனிச் சொல்ல முடியாது. டிக்கெட் எடுக்கும் முன்பே நாட்காட்டியை வைத்து நாட்களை எண்ணிவிடுங்கள்.