ஜப்பான் தூண்டிலா, நம்மூர் மூங்கிலா?

நெல்லை:
கடையில் ஷிமானோ, டைவா, அபு கார்சியா என்று எத்தனை தூண்டில் வந்தாலும், தாமிரபரணிக் கரையில் "மூங்கில் கம்பு போதும்வே!" என்று சொல்ல ஆள் உண்டு.

ஷிமானோ, 1921-ல் சைக்கிள் பாகம் செய்யத் தொடங்கிய ஜப்பான் கம்பெனி. 1970-ல்தான் தூண்டில் பக்கம் வந்தது. கார்பன் கம்பு எடை குறைவு. ரீல் இருப்பதால் தூரம் வீசலாம். பெரிய விரால் இழுத்தால் நரம்பை விட்டு விட்டுப் பிடிக்கலாம். மூங்கிலில் அது நடக்காது, நரம்பு அறுந்துவிடும்.

ஆனால் கரையோரக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் ரீல் எதுக்கு? மண்புழு, தக்கை, முள் போதும். ஒடிஞ்சால் வேறு கம்பு. செலவு கொஞ்சம்தான்.

ஒன்றில் உஷார்! கார்பனில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்கு அடியில் கம்பைத் தூக்கினால் உயிர் போய்விடும். நனைந்த மூங்கிலும் அப்படித்தான்.

எந்தக் கம்பானாலும், வீசும் முன் மேலே பாருங்கள்!