திறப்பு விழா முடிந்த பிறகு...

கொடிகாமம் சந்தியில் ஒருநாள் மதியம் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். பக்கத்தில் வெறுங் கடகத்துடன் ஓர் அக்கா இருந்தார். சந்தையில் மரக்கறி விற்றுவிட்டு வீடு திரும்புகிறவர். வெயிலுக்கு நாவறண்டு இருந்தவரிடம் என் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வாங்கவில்லை.

“வேண்டாம் பிள்ளை. காலமை பிளேன்ரீ குடிச்சதோட சரி. வீட்டை போய்த்தான் தண்ணி குடிப்பன்.”

காரணம் கேட்டேன். அவர் விற்கிற சந்தையில் மலசலகூடம் பூட்டிக் கிடக்கிறதாம். ஆண்கள் எங்காவது ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் என்ன செய்வது? தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் அவர்கள் கண்ட வழி. இரண்டு முறை சலக்கடுப்பு வந்து மருந்து எடுத்ததையும் சொன்னார்.

அது எந்தச் சந்தை என்பது இங்கே முக்கியமில்லை. நான் போய்ப் பார்த்தேன். மலசலகூடம் இல்லாமல் இல்லை. மாபிள் பதித்த அழகான கட்டிடம். வாசலில் திறப்பு விழாக் கல். ஆனால் நீர் இறைக்கும் மோட்டர் எரிந்து எட்டு மாதம். திருத்துவதற்குக் காசு ஒதுக்கப்படவில்லை. அதனால் கதவில் பூட்டு.

சகோதரிகளே, இது ஒரு சந்தையின் கதை மட்டுமல்ல. 2000ஆம் ஆண்டு யுத்தத்தில் தென்மராட்சி சிதைந்துபோனது நமக்குத் தெரியும். 2009இற்குப் பிறகு வடக்கெங்கும் கட்டிடங்கள் எழுந்தன. 2010இல் தொடங்கிய உலக வங்கியின் வடக்கு கிழக்கு உள்ளூர் சேவைகள் மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றால் சந்தைகள், நூலகங்கள், வீதிகள் கிடைத்தன. இவை வேண்டியவைதான். ஆனால் கட்டுவதற்கான பணம் ஒருமுறை வரும். பராமரிக்கும் செலவோ ஒவ்வொரு மாதமும் வரும். திறப்புக் கையில் வந்த நாளிலிருந்து மின்கட்டணம், துப்புரவாளர் சம்பளம், வர்ணம், கூரை எல்லாம் உள்ளூராட்சி சபையின் தலையில்.

சபைக்கு எங்கிருந்து வருமானம்? சோலைவரி, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம். கிராமப்புறச் சபைகளுக்கு இவை சொற்பம். இந்த நிலையில் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. பின்னர் குறைக்கப்பட்டாலும் அந்த அடியை மறக்க முடியாது. மின்கட்டணத்தைக் கட்டாமல் விட முடியாது; திருத்த வேலையைத் தள்ளிப்போடலாம். ஆகவே காசு இறுகும்போது முதலில் வெட்டப்படுவது திருத்த வேலைதான்.

நம் வீட்டு வேலியை நினைத்துப் பாருங்கள். கிடுகு வேலியை மாரிக்கு முன் அடைத்துவிட்டால் செலவு கிடுகோடு போகும். இந்த வருடம் போகட்டும் என்று விட்டால், அடுத்த வருடம் கதிகாலும் சேர்த்துப் போடவேண்டும். பொதுக் கட்டிடமும் அப்படித்தான். வாசர் மாற்றாத குழாய் சுவரை ஊறவைக்கும். துப்புரவு செய்யாத பீலி கூரையை உக்கவைக்கும்.

நவீனமயப்படுத்தும்போதும் இந்தக் கணக்கு வேண்டும். எல்.ஈ.டி. வீதிவிளக்கு மின்செலவைக் குறைக்கும். குளிரூட்டி அதைக் கூட்டும். புதிதாக ஒன்றைக் கேட்கும்போது, “இதை நடத்த வருடம் எவ்வளவு முடியும்?” என்றும் கேட்போம்.

பாவிப்பவர்களிடம் கட்டணம் வாங்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அந்த அக்காவிடமும் கேட்டேன். “நாங்கள் நாளாந்தம் சந்தைக்காசு குடுக்கிறம்தானே பிள்ளை. அந்தக் காசு எங்கை போகுது?” என்றார். நியாயமான கேள்வி. சந்தையில் சேரும் வருமானத்தில் ஒரு பங்கை, அந்தச் சந்தையின் திருத்தத்துக்கென்றே தனிக்கணக்கில் ஒதுக்கி வைக்கலாம் அல்லவா?

இதைக் கேட்கும் வழிகள் நமக்கு உண்டு. சபையின் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்ட வரைபு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். மாதர் சங்கமாகப் போய், பராமரிப்புக்கு எவ்வளவு என்று பார்ப்போம். தகவல் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2018 தேர்தல் முதல் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் உண்டு. 2025 மே மாதம் தெரிவான பெண் உறுப்பினர்களிடம் நம் குறையை நேரே சொல்லலாம். பூட்டிய மலசலகூடத்தின் வேதனையை அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

அந்தச் சந்தைப் பெண்கள் ஒன்றுசேர்ந்து மனுக் கொடுத்தார்கள். எழுதுவதற்கு நானும் உதவினேன். ஒரு மாதத்தில் மோட்டர் திருத்தப்பட்டது, பூட்டும் திறக்கப்பட்டது. அந்த அக்காவை மீண்டும் கண்டபோது சந்தோசமாகத்தான் இருந்தார். ஆனாலும் கேட்டார்:

“அடுத்தமுறை எரிஞ்சால் பிள்ளை?”

அதற்கான பதிலை, அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் இப்போதே எழுதவைப்போம்.